‘அத்தியாவசியம்’: மிகத் தேவையா, இன்றியமையாததா?

கொரோனா ஊரடங்கில் எந்தக் கடை திறக்கலாம், எது மூட வேண்டும் என்று பிரித்த சொல் ‘அத்தியாவசியம்’. அது வடசொல். ‘அதி’யும் ‘ஆவசியக’மும் சேர்ந்து வந்தது. அதி என்றால் மிகுதி. ‘அவசியம்’ என்பதைப் பிரித்தால் ‘அ’ + ‘வசியம்’: நம் வசத்தில் இல்லாதது, வேண்டாம் என்று ஒதுக்க முடியாதது. வசிய மருந்தில் இருப்பதும் இதே வேர்தான். ஆக, அத்தியாவசியம் என்றால் ‘மிக அவசியம்’. பலர் ‘அத்தியவசியம்’ என்று எழுதுகிறார்கள். அது பிழை, ‘யா’ நெடில்.

தமிழ்ச் சொல் இன்றியமையாமை. இன்றி, அமையாமை: அது இல்லாவிட்டால் காரியம் நடக்காது. அகராதியில் இரண்டையும் ஒரே வரியில் போட்டாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு. அத்தியாவசியம் அளவைச் சொல்கிறது. அளவு என்று வந்துவிட்டால் அவரவருக்கு அவரவர் கடைதான் மிக அவசியம், வாதம் முடியாது. இன்றியமையாமை ஒரு கேள்வியைக் கேட்கிறது: இதை எடுத்துவிட்டால் எது நின்றுபோகும், எத்தனை நாளில் நின்றுபோகும்? ஊரடங்கில் கடைகளைத் தரம் பிரிக்க உட்காருபவருக்குக் கைகொடுப்பது இந்தக் கேள்விதான்.

எழுத்தில் ஒரு கவனம். ‘இன்றியமையாத பண்டம்’ என்றால் ஒற்று மிகாது. கடைசி ‘த’ மறைந்து (ஈறு கெட்டு) ‘இன்றியமையாப் பண்டம்’ என்று வரும்போது மிகும். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் ‘இன்றியமையாப் பண்டங்கள் சட்டம்’ என்பது இப்படித்தான்.

குழப்பம் தொடங்குவதும் அந்தச் சட்டத்தில்தான். அதன் அட்டவணையில் மருந்து, உரம், சமையல் எண்ணெய் உள்ளிட்ட உணவுப் பொருள்கள், முழுப் பருத்தியிலான சிட்டா நூல் (கற்றையாகச் சுற்றிய நூல்), பெட்ரோலியப் பொருள்கள், சணல், விதைகள் இருக்கின்றன. அங்கே இன்றியமையாமை என்பது கடை திறப்பதற்கான அனுமதி அல்ல. விலையிலும் இருப்பிலும் அரசு கைவைக்கலாம் என்பதற்கான அடையாளம். முகக்கவசமும் கைச் சுத்திகரிப்பானும் 2020 மார்ச் 13 அன்று அந்தப் பட்டியலில் சேர்ந்தன, ஜூன் 30 வரைக்கும். அடுத்து விலை உச்சவரம்பு வந்தது: இரண்டடுக்கு முகக்கவசம் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய், சானிடைசர் 200 மில்லி 100 ரூபாய். ‘எஸ்மா’ என்று நாம் சொல்லும் இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் அதே சொல்லுக்கு வேறு வேலை: வேலைநிறுத்தத்தைத் தடை செய்வது. 2020 ஊரடங்கு ஆணைகள் பிறந்ததோ 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில். அங்கே அத்தியாவசியம் என்றால் ‘மூட வேண்டாம்’ என்று பொருள். ஒரு சட்டத்தின் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொன்றில் உரிமை கேட்க முடியாது. சிட்டா நூல் 1955 பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நூல் கடை திறக்காது. அந்தப் பட்டியலிலேயே இல்லாத மின்விசிறியை விற்கும் கடைக்கு, பள்ளிப் பாடநூல் கடையோடு சேர்த்து, 2020 ஏப்ரல் 21 அன்று மத்திய உள்துறை விலக்கு அளித்தது. சித்திரை வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவருக்கு மின்விசிறி எத்தனை நாள் இல்லாமல் அமையும் என்று கேட்டுப் பாருங்கள், காரணம் புரியும்.

மார்ச் 24 அன்று வந்த முதல் ஆணையில் உணவு, மளிகை, காய்கனி, பால், இறைச்சி, மீன், கால்நடைத் தீவனம், நியாயவிலைக் கடை எல்லாம் இருந்தன. பட்டியல் சரிதான். ஆனால் பால் இருந்தால் போதுமா? பால் பாக்கெட்டுக்கு உறை வேண்டும், உறை அச்சடிக்க மை வேண்டும், அதை ஏற்றிவரும் லாரி வேண்டும். சோதனைச்சாவடியில் நிற்கும் காவலருக்கு முன்னால் பிளாஸ்டிக் சுருள் ஏற்றிய லாரி வந்து நின்றால் அது அத்தியாவசியமா இல்லையா? மார்ச் 29 அன்று வந்த விளக்கக் கடிதம் இதைத்தான் சரிசெய்தது. பால் சேகரிப்பும் பகிர்வும் உறைப் பொருள்களோடு சேர்ந்தே விலக்கு பெற்றன. மளிகை என்பதற்குள் சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், டயப்பர், பேட்டரி, சார்ஜர் வரை அடக்கம் என்று சொன்னார்கள். சரக்குப் போக்குவரத்தில் மட்டும் அத்தியாவசியம், மற்றது என்ற பிரிவினையையே கைவிட்டார்கள். அதுவும் போதவில்லை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் எதுவுமே இல்லையே, அதை எந்த வகையில் சேர்ப்பது? ஏப்ரல் 15 நெறிமுறையில் காலி லாரி, இரண்டு ஓட்டுநர், ஓர் உதவியாளர், நெடுஞ்சாலையில் லாரி பழுதுபார்க்கும் கடை, தாபா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது.

வள்ளுவர் இந்தச் சங்கிலியை ஒரே குறளில் வைத்திருக்கிறார்: “நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு.” நீர் இன்றி உலகு இல்லை என்றதோடு அவர் நிறுத்தவில்லை, மழை இன்றி அந்த நீரோட்டமும் இல்லை என்று அடுத்த கண்ணிக்குப் போகிறார். பட்டியல் தயாரிப்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் இந்த இரண்டாவது கண்ணிதான். பிளம்பர் வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு, வாஷர் விற்கும் ஹார்டுவேர் கடையை மூடினால் குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

பண்டமும் கடையும் ஒன்றல்ல என்பதும் சொல்லோடு சேர்ந்த விஷயம். 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வில்லா ஊரடங்கு. மளிகைக் கடையே மூடியிருந்தது. காய்கறியும் பழமும் வண்டியில் தெருவுக்கு வந்தன. பண்டம் இன்றியமையாதது, கடை அப்படியல்ல என்று அன்றைக்கு முடிவு. அதே நேரத்தில் நாட்டு மருந்துக் கடை திறந்திருந்தது. பிரிட்டனின் வேல்ஸில் 2020 அக்டோபரில் தலைகீழ்: சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், ஆனால் துணி, பொம்மை அடுக்குகளைத் துணிகட்டி மறைத்துவிட வேண்டும். எது எந்த அடுக்கு என்று கடைக்குக் கடை தகராறு வந்ததில் வியப்பில்லை.

எதிர்ச்சொல்தான் தலைவலி. ‘அத்தியாவசியமற்ற’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. படிக்கும் செருப்புக் கடைக்காரருக்குத் தன் தொழில் தேவையற்றது என்று காதில் விழுகிறது. ‘இன்றியமையாதன அல்லாதவை’ என்றால் எதிர்மறைக்கு மேல் எதிர்மறை, வாயில் நுழையாது. கால அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தள்ளிப்போடக்கூடியவை’ என்று எழுதலாம்: செருப்பு ஒரு மாதம் தள்ளிப்போகும், பால் ஒரு வேளைகூடத் தள்ளிப்போகாது. அறிவிப்புப் பலகைக்கு என்றால் ‘பிற கடைகள்’ போதும்.