செடோனாவின் மணற்பாறைக் குகைகள் ஏன் இடிந்து விழுவதில்லை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்றாலே சிவப்பு மலைகள்தான். ஃபீனிக்ஸிலிருந்து காரில் வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலையில் கிளம்பி, மலையேறி ஒரு குகையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்பதால் ஜோடியாக வருகிறவர்கள் அதிகம். ஊர்ப் பெயரிலேயே ஒரு ஜோடி இருக்கிறது. 1902இல் தபால் நிலையத்துக்குப் பெயர் வைக்கும்போது, ஷ்னெப்லி என்பவர் எழுதி அனுப்பிய பெயர்கள் தபால் முத்திரைக்குள் அடங்கவில்லையாம். கடைசியில் அவர் மனைவி செடோனாவின் பெயரே ஊருக்கு நிலைத்தது. கணவரின் குடும்பப் பெயர் பாறைக்குப் போய்விட்டது: இங்குள்ள சிவப்புப் பாறை அடுக்குக்கு ஷ்னெப்லி ஹில் என்று பெயர்.

ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தில், கடலோரத்தில் குவிந்த மணல் இறுகி உண்டான பாறை இது. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற நிறமற்ற கனிமம். ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிசாக இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. துரு என்றே சொல்லலாம். இத்தனை சிவப்புக்கும் அந்தப் பூச்சுதான் காரணம்.

நானும் மனைவியும் போனது சோல்ஜர் பாஸ் பாதை. கொஞ்ச தூரம் நடந்ததுமே டெவில்ஸ் கிச்சன் என்ற பெரும்பள்ளம் வந்துவிடுகிறது. அடியில் ஆழத்தில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லை நிலத்தடி நீர் கரைத்துக் குடைய, மேலே இருந்த சிவப்புப் பாறை உள்ளே சரிந்தது. 1880களில் ஒரு முறை, 1989இல் மறுபடியும். குகை என்றதும் நாம் நினைப்பது இப்படிக் கரைந்து உண்டாவதைத்தான்.

மேலே இருக்கும் குகையின் கதை வேறு. பிரதான பாதையை விட்டு விலகி ஏறினால் பாறை வளைவுகள் தெரியும். அதை ஒட்டித்தான் குகை. கையை ஊன்றித்தான் உள்ளே ஏற முடியும். உள்ளே ஒடுக்கமான, உயரமான அறை. இடுக்கு வழியாக வெளிச்சம் சாய்வாக விழுகிறது. “ஏங்க, இவ்ளோ பெரிய பாறை தலைக்கு மேல நிக்குதே, விழாதா?” என்றாள் மனைவி. கேட்க வேண்டிய கேள்விதான்.

குவார்ட்ஸ் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆனால் மணலைப் பசை போல ஒட்டவைத்திருக்கும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) போன்ற பொருட்கள் கரையும். செடோனாவின் பாறைச்சுவர்களில் செங்குத்தான விரிசல்கள் வரிசையாக ஓடுகின்றன. மழைநீரும் பனிநீரும் அவற்றில் இறங்கி, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகின்றன. குளிர்கால இரவில் அந்த நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்து விரிசலை நெம்புகிறது. கீழே நீரை எளிதில் விடாத களிமண் பாறை அடுக்கு இருந்தால், இறங்கிய நீர் அதன் மேலேயே பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். அந்த இடத்தில் பாறையின் அடி உதிர, மேலே பிடிமானம் இழந்த பாறைப் பலகை ஒன்று விழும். அப்புறம் இன்னொன்று.

சரி, அப்படியே போனால் மொத்தமும் இடிந்திருக்க வேண்டாமா? இதற்கு ஒரு நல்ல விளக்கம் செக் குடியரசிலிருந்து வந்தது. புவியியலாளர் யிரி ப்ருதான்ஸும் அவர் குழுவும் பசையே இல்லாமல், மணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும் ஒரு வகை மணற்பாறையைக் கட்டிகளாக வெட்டி, மேலே பாரம் ஏற்றித் தண்ணீரில் வைத்தார்கள். 2014இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் முடிவு வந்தது. பக்கங்கள் உதிர்ந்தன. உதிர உதிர, அதே பாரத்தை மிச்சமிருக்கும் பகுதி தாங்க வேண்டியதாயிற்று. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் மணிகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ள, அரிப்பு நின்றுபோனது. கடையில் அடுக்கிய அரிசி மூட்டைகளில் அடிமூட்டையை உருவ முடியாதே, அது மாதிரி. பாரத்தை எடுத்துவிட்டால் அதே கட்டி தண்ணீரில் சிதைந்துவிடும்.

ஆக, பாரம் தாங்காத மணலைத்தான் நீர் முதலில் எடுத்துக்கொண்டு போகிறது. மேலிருக்கும் எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறதோ, அந்தப் பாதை எஞ்சுகிறது. குகைக் கூரைகளும் வளைவுகளும் பெரும்பாலும் வில் போல வளைந்திருப்பது அதனால்தான். பாறையின் எடை இடிக்கவும் செய்யும், தாங்கவும் செய்யும் என்பது எனக்குப் பிடித்த முரண். அருகே பாய்ன்டன் பள்ளத்தாக்கில், இப்படிப்பட்ட பாறைக் குடைவுகளுக்குள் சினாகுவா என்ற பூர்வகுடி மக்கள் கட்டிய கல் வீடுகளின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுமார் 1400 வாக்கில் அவர்கள் இந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சுவர்களில் சாயாதீர்கள்.

இந்த இறுக்கம் நிரந்தரமும் இல்லை. நனைந்த மணற்பாறை வலிமை குறைந்தது. அதனால்தான் மழை பெய்தபின் பாறை காயும் வரை பாறையேறுபவர்கள் காத்திருக்கிறார்கள். குகைக்குள் போகும்முன் தரையையும் கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். பல காலமாக அசையாத பரப்பில் மாங்கனீசும் இரும்பும் படிந்து கருத்திருக்கும். கூரையில் கருமை இல்லாமல் பளிச்சென்ற செம்மஞ்சள் திட்டு தெரிந்து, அதற்கு நேர் கீழே கூரான விளிம்போடு கற்கள் கிடந்தால், அங்கே பாறை பெயர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டை வேறு இடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.