பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பேக்கப்பை அதன் 8.0 வெர்ஷனுக்கு ஏற்றும்போது எங்கே சறுக்கும்?

முதல் வேலை, பேக்கப் ஃபைலின் தலையையும் வாலையும் திறந்து பார்ப்பது. தலையில் எந்த சர்வர் வெர்ஷனில் எடுத்தது என்று இருக்கும். தலையில் அந்தக் குறிப்பு இருந்தும் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இல்லையென்றால் ஃபைல் பாதியில் நின்றுபோனது. மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம், வேறு பிரதியைத் தேடுங்கள்.

ஏற்றும்போதே கத்தும் பிழைகள் பிரச்சினையே இல்லை. 5.7 வெர்ஷன் டம்ப்பில் (டேட்டாவைக் கட்டளைகளாக எழுதிவைத்த பேக்கப் ஃபைல்) டிரிக்கரோ ப்ரொசீஜரோ (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்கள்) இருந்தால் 1231 என்ற பிழை வரலாம்: 8.0-இல் நீக்கப்பட்ட 'நோ ஆட்டோ கிரியேட் யூசர்' மோட் அதில் எழுதியிருக்கும், அந்தச் சொல்லை மட்டும் எடுத்தால் போதும். முழுக்கச் சுழியமாக இருக்கும் தேதிகள் டம்ப்பிலிருந்து ஏறிவிட்டாலும், பிறகு டேபிளை மாற்றும்போது ஸ்ட்ரிக்ட் மோட் (தவறான மதிப்பை மறுக்கும் கண்டிப்பு நிலை) ஏற்காது. எல்லாமே சுழியம்தானா என்று பார்த்து 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்குங்கள். பழைய சர்வரின் 'மைஎஸ்க்யூஎல்' சிஸ்டம் டேட்டாபேஸை மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள். யூசர்களைப் புதிதாக உருவாக்குவதே நல்லது.

சத்தமே இல்லாமல் கெடுப்பது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்தை பைட்களாகச் சேமிக்கும் முறை. 5.7 வரை டீஃபால்ட் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது), 8.0-இல் யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்8). பழைய அப்ளிகேஷன்கள் பல, யூடிஎஃப்8 பைட்களை லத்தீன்1 காலத்தில் (காலம் என்பது இங்கே டேபிளின் நெடுவரிசை) அப்படியே கொட்டிவைத்தன. எழுதுவதும் படிப்பதும் ஒரே தவறான இணைப்பில் நடந்ததால் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. டம்ப் எடுக்கும் கருவியோ அவற்றை நிஜமான லத்தீன் எழுத்துகள் என்று நம்பி யூடிஎஃப்8-க்கு மாற்றிவிடுகிறது. அந்த ஃபைலில் 'லத்தீன்1' என்பதைத் தேடி 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றி ஏற்றினால், ஒரு பிழையும் வராது. டேட்டா மட்டும் இரட்டைக் குறியாக்கத்தோடு உட்கார்ந்துவிடும். 'அ' என்ற ஒற்றை எழுத்து 3 பைட். இப்படிக் கெட்டால் 7 பைட். சந்தேகம் இருந்தால் லெங்த் ஃபங்ஷனால் அளந்து பாருங்கள்.

பழைய சர்வர் இன்னும் ஓடுகிறதென்றால் தீர்வு எளிது. டம்ப் எடுக்கும்போது டீஃபால்ட் கேரக்டர் செட்டை லத்தீன்1 என்றும், 'ஸ்கிப் செட் சார்செட்' (skip-set-charset) என்றும் கொடுங்கள். பைட்கள் உள்ளபடியே வரும். அப்புறம் ஃபைலில் டேபிள்களின் குறியாக்கப் பெயரை மாற்றி, இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக வைத்து ஏற்றலாம்.

ஃபைல் மட்டும்தான் கையில் இருக்கிறதா? டேபிள்களை லத்தீன்1 ஆகவே, எதையும் மாற்றாமல் ஏற்றுங்கள். பிறகு எழுத்து வகைகளான வார்கேர் காலத்தை வார்பைனரிக்கும், டெக்ஸ்ட்டை ப்ளாபுக்கும் (இவை இரண்டும் வெறும் பைட்களை வைக்கும் பைனரி வகைகள்) மாற்றி, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுபோங்கள். பைனரி வழியாகப் போகாமல் நேரடியாக 'கன்வர்ட் டு' (குறியாக்கத்தை மாற்றும் கட்டளை) கொடுப்பது தவற்றுக்கு முத்திரை குத்துவதுதான்.

பைனரியிலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றும் இரண்டாம் படியில் 1366 பிழை (தவறான எழுத்து மதிப்பு) வந்தால் காலத்தின் அளவைக் கவனியுங்கள். 255 அளவுள்ள லத்தீன்1 வார்கேரில் 85 தமிழ்க் குறிகள்தான் அடங்கும் (உயிர்மெய்யில் கொம்பும் காலும் தனிக் கணக்கு). இடைவெளியோ எண்ணோ கலந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பி, நீண்ட முகவரிகளின் கடைசிக் குறி நடு பைட்டில் அறுபட்டிருக்கும். அந்த வால் பைட்களை பைனரி நிலையிலேயே வெட்டிவிட வேண்டும்.

வரிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க இன்ஃபர்மேஷன் ஸ்கீமா (டேபிள்களைப் பற்றிய விவரப் பட்டியல்) வேண்டாம், இன்னோடிபி என்ற சேமிப்பு இன்ஜினில் உள்ள டேபிள்களுக்கு அது உத்தேசக் கணக்குதான். டேபிள் டேபிளாகக் கவுன்ட்டும், தொகைக் காலங்களுக்கு சம்மும் இரு பக்கமும் ஓட்டுங்கள்.

'ரேங்க்', 'குரூப்ஸ்' என்று காலம் பெயர் இருந்தால் இன்னொரு சங்கதி: 8.0-இல் இவை ஒதுக்கப்பட்ட சொற்கள். டம்ப்பில் பெயர்களைச் சுற்றி பேக்டிக் (`) குறி இருப்பதால் ஏறிவிடும்; உடைவது அப்ளிகேஷனின் க்வெரி.