இரட்சிப்பு: சொல்லும் பொருளும்

நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் மதில்சுவர்களில் கண்ணில் படும் வாசகம் 'இயேசு இரட்சிக்கிறார்'. 'ரக்ஷ்' என்ற வடமொழி வினைக்குக் காப்பது என்று பொருள். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் சேர்ந்து 'இரட்சி' ஆயிற்று. அதிலிருந்து இரட்சகர், இரட்சிப்பு, இரட்சணியம். கும்பகோணத்தில் ஹோமம் முடிந்ததும் கரியை நெய்யில் குழைத்து நெற்றியில் இடும் ரட்சையும் இதே சொல்தான். நோய்நொடி, கண்ணேறு அண்டாமல் காப்பது அது.

கிறித்தவத்தில் பொருள் உள்ளே திரும்புகிறது. ஆதாமின் பாவம் மனிதர் எல்லோரையும் பிடித்திருக்கிறது, அதற்கான தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றார், விசுவாசிக்கிறவன் தப்புவான். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இரட்சிப்புக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லான 'சோத்தேரியா'வில் ஆபத்திலிருந்து தப்புவது, நலம் பெறுவது இரண்டும் அடக்கம்.

கத்தோலிக்கர் இன்று 'மீட்பு' என்கிறார்கள். நல்ல தமிழ். ஒத்திக்கு விட்ட நிலத்தை மீட்கிறோம் அல்லவா, அந்தச் சொல். பைபிளில் மாற்கு 10:45 இயேசுவின் உயிரை 'மீட்கும்பொருள்' என்றே சொல்கிறது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலைதான் கிரேக்கத்தில் 'லூத்ரோன்'.

கிறித்தவன் அல்லாத எனக்கு இங்கேதான் தடை. ஒத்தியை மீட்கப் போகிறவனுக்குப் பணத்தை யார் கையில் கொடுப்பது என்று தெரியும். சிலுவையில் கொடுத்த விலையை வாங்கிக்கொண்டது யார்? 3ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் ஒரிகன், சாத்தான் என்றார். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் இன்னொரு இறையியலாளர் அன்செல்ம் அதை மறுத்து, கடவுளுக்கே செலுத்த வேண்டிய கடன் என்றார். கடன் கொடுத்தவரும் அவர், இயேசுவாக வந்து அடைத்தவரும் அவர் என்றால் தள்ளுபடியே செய்திருக்கலாமே!

'அப்போ நீதி என்னாவது?' என்று சபைக்குப் போகும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தண்டிப்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் நீதி என்று சொல்லாது. பிறக்கும்போதே குழந்தை ஆதாமின் கணக்கைச் சுமக்கிறது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொன்ன கெட்ட குமாரன் கதையில் விலை என்ற பேச்சே இல்லை. சொத்தை அழித்துவிட்டு வரும் மகனைத் தூரத்தில் கண்டதுமே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். சுவரில் எழுதியிருப்பதைவிட இந்தக் கதைதான் என்னைத் தொடுகிறது.

அந்த மகனுக்குக் கிடைத்ததற்கு 'உய்வு' என்ற பழைய சொல் பொருந்தும். பிழைத்தல், கடைத்தேறுதல் என்று பொருள். 'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்' என்று 110ஆம் குறளில் வருவது அதுதான். சிலுவைப் பலியை நம்பும் கிறித்தவர் சொல்லும் பொருளுக்கு மட்டும் 'மீட்பு' என்றே எழுதலாம். விலை கொடுத்து விடுவிப்பது என்ற கருத்து அதில்தான் முழுதாக நிற்கிறது.