எரிபொருள் எக்கி: சொல் விளக்கம்

காரின் பெட்ரோல் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து, உரிய அழுத்தத்துடன் எஞ்சினுக்கு அனுப்பும் கருவியே எரிபொருள் எக்கி. சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் இதற்குப் பெட்ரோல் பம்பு என்றே பெயர். ஆனால் பெட்ரோல் நிலையத்தில் குழாயுடன் நிற்கும் கருவியும் பம்புதான்; இந்தியாவிலிருந்து வந்தவர்களில் பலர் அந்த நிலையத்தையே பெட்ரோல் பம்பு என்பார்கள். கார் கிளம்பாத நேரத்தில் பட்டறைக்காரரிடம் பேசும்போது இப்படி ஒரே சொல் மூன்று பொருளைக் குறித்தால் குழப்பமே மிஞ்சும்.

பம்ப் என்ற சொல் ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. அன்று அது கப்பலின் அடித்தட்டில் தேங்கும் நீரை வெளியேற்றும் கருவியைக் குறித்தது. டச்சு மொழியில் போம்ப், போர்ச்சுகீசிய மொழியில் போம்பா என்று இதன் உறவுச் சொற்கள் உள்ளன. நீருக்குள் தண்டு ஏறி இறங்கும் ஒலியிலிருந்தே இவை பிறந்திருக்கலாம் என்பது பலர் ஏற்ற கருத்து. நம் காதுக்குப் பழகிய மலாய்ச் சொல்லான பாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜோகூர் சாலைகளில் தீயணைப்பு வண்டியின் மீது போம்பா என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற இதே சொல்தான். நீர் இறைக்கும் கருவியின் பெயர் தீயணைப்புப் படையின் பெயராகிவிட்டது.

தமிழில் எக்கி என்ற சொல் எக்கு என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து அமைந்தது. தாங்கு என்பதிலிருந்து சுமைதாங்கி வந்தது போன்ற அமைப்பு இது. வயிற்றை எக்கு என்றால் உள்ளிழு என்று பொருள். எக்கி நின்று பறித்தான் என்றால் நுனிக்காலில் உயர்ந்து எட்டினான் என்று பொருள். உள்ளிழுப்பதும் மேலே எட்டுவதும் ஒரே வினையில் அடங்கியிருப்பதால், இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் கிடைப்பது அரிது. இலங்கைத் தமிழர் பம்பி என்று தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி எழுதுகிறார்கள். அதுவும் நல்ல வழக்கே. ஏற்றி என்ற சொல்லும் உண்டு என்றாலும், எரிபொருள் ஏற்றி என்றால் தொட்டியை நிரப்பும் கருவி என்ற எண்ணமே முதலில் தோன்றும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. எரிபொருள் என்பது வினைத்தொகை. விறகு, கரி, டீசல் என எரியும் பொருள் அனைத்தும் அதில் அடங்கும்.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய கார்கள் பலவற்றில் எக்கி எஞ்சினோடு பொருத்தப்பட்டு, தொலைவிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. எஞ்சின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட்டால் எக்கி வெறும் ஆவியை இழுத்துத் திணறும். இன்றைய கார்களில் எக்கி தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து, அங்கிருந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. அதன் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் அடிமட்ட அளவிலேயே வண்டி ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குச் செல்லும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1991 முதல் உள்ள விதி எக்கிக்காக வந்ததன்று. ஆனாலும் அதனால் எக்கிக்கு நன்மையே.

எக்கி பழுதா என்று அறியக் காதுதான் முதல் கருவி. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், எஞ்சின் சுழலும் முன்பே, பல கார்களில் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஏறத்தாழ 2 விநாடிகளுக்கு மெல்லிய முரலொலி கேட்கும். அது கேட்கவில்லை என்றவுடன் எக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் ஃபியூஸையும், எக்கிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் விசையான ரிலேயையும் பார்க்க வேண்டும். பிறகு பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கினால், பல கார்களில் வட்டமான ஒரு மூடியும் அதன் கீழே எக்கியின் மின்னிணைப்பும் தென்படும். சாவியைத் திருப்பும் அந்த 2 விநாடிகளில் அங்கு 12 வோல்ட் அளவில் மின்சாரம் வந்து, மின்சாரம் திரும்பிச் செல்லும் தரை இணைப்பும் சரியாக இருந்து, அப்போதும் ஒலி எழவில்லை என்றால்தான் பழுது எக்கியில் இருக்கிறது. தொட்டியின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் கார் கிளம்பினால், மோட்டார் தேய்ந்துவிட்டது என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள்.

ஒலி கேட்பதாலேயே அழுத்தம் இருக்கிறது என்று ஆகிவிடாது. பலரும் தவறவிடும் இடம் இதுவே. வடிகட்டி அடைத்திருக்கலாம், எக்கி வலுவிழந்திருக்கலாம், தொட்டியே காலியாக இருந்து அளவுமானி பொய் காட்டலாம். ஆகவே அழுத்தமானியைப் பொருத்தி அளந்தே தீர வேண்டும். உள்ளிழுப்புக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களில் அது பொதுவாக 3 முதல் 4 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். எஞ்சினை நிறுத்திய பின் அந்த அழுத்தம் மளமளவென்று இறங்கினால், எக்கியிலுள்ள ஒருவழி வால்வோ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ கசியலாம். காலையில் நெடுநேரம் சுழற்றினால்தான் கிளம்பும் கார்களில் இந்தக் குறை அடிக்கடி காணப்படுகிறது. அழுத்தம் சரியாக இருந்தால் எக்கியை விட்டுவிட்டுத் தீப்பொறியையும், எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரையும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் எரிபொருள் குழாயைக் கழற்றிப் பார்க்கும் வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

எரிகலனுக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் புதிய எஞ்சின்களில் எக்கிகள் இரண்டு: தொட்டிக்குள் இருக்கும் தாழ்வழுத்த எக்கி ஒன்று, எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டால் இயங்கும் உயர் அழுத்த எக்கி மற்றொன்று. சாவியைத் திருப்பும்போது எழும் ஒலி முதல் எக்கியைப் பற்றி மட்டுமே சொல்லும். பட்டறை தரும் பட்டியலில் பம்பு மாற்றப்பட்டது என்று மட்டும் இருந்தால், எந்த எக்கி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டின் விலையும் வேறு, வேலையும் வேறு.