ஒற்றை வரைபடத்தை வைத்துக் காலநிலையை எடைபோடாதீர்கள்

காலநிலைத் தரவுகளை அலசுவதுதான் என் வேலை என்பதால், யாராவது ஒரு வரைபடத்தை அனுப்பி, "இந்தக் கோடு இறங்குகிறதே, அப்போ வெப்பமாதல் நின்றுவிட்டதா?" என்று கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைத் தேட அந்த ஒரு கோடு போதாது, பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று கோடுகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 2010-11இல் கடல்மட்டத்துக்கு நடந்ததைத்தான். 1993 முதல் செயற்கைக்கோள்கள் உலகக் கடல்மட்டத்தை விடாமல் அளந்து வருகின்றன. ஏறிக்கொண்டே வந்த அந்தக் கோடு 2010இல் திரும்பி, 2011க்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. வருஷத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஏறிக்கொண்டிருந்த கடலுக்கு இது பெரிய சறுக்கல். கடல் குளிர்ந்து சுருங்கிவிட்டதா என்று பார்த்தால், 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி வெப்பத்தை அளக்கும் ஆர்கோ மிதவைகள் அப்படிக் காட்டவில்லை. பனி உருகுவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. விடை கிடைத்தது கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களிடமிருந்து. புவியீர்ப்பில் ஏற்படும் சிறு மாற்றங்களை வைத்து எங்கே எவ்வளவு நீர் கூடியிருக்கிறது என்று அவை சொல்லி வந்தன. அப்போது வலுவான லா நினா (பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகளின் மேற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் காலம்), கடலிலிருந்து ஆவியான நீர் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் மழையாகக் கொட்டியது, அதிலும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பெய்ததில் நிறைய நீருக்குக் கடலுக்குப் போக வழியே இல்லாததால் அங்கேயே தேங்கிவிட்டது. லா நினா முடிந்ததும் கடல்மட்டம் பழையபடி ஏறத் தொடங்கியது, விட்டதையும் சேர்த்துப் பிடித்தது.

1998க்குப் பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பூமியின் மேற்பரப்பு வெப்பநிலை மெதுவாக ஏறியபோதும் இதே குழப்பம்தான். 1998 கடுமையான எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வெப்பநிலையையும் தற்காலிகமாக ஏற்றிவிட்ட ஆண்டு. அந்த உச்சத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் எதுவும் தட்டையாகத்தான் தெரியும். பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது, அது அந்த ஆண்டுகளிலும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு குறியீட்டைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் கடல் வெப்பத்தைத்தான் எடுப்பேன், காற்றின் வெப்பநிலையை இல்லை.

அண்டார்க்டிகாவின் கடல்பனி 2014இல் உச்சத்தைத் தொட்டதையும் நிறையப் பேர் அனுப்பினார்கள். 2016இல் அது சரிந்தது, 2023இல் குளிர்கால அளவு செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைவு. அந்தக் கண்டத்தின் நிலத்தில் கிடக்கும் பனியோ, கடல்பனி உச்சத்தில் இருந்தபோதும் மொத்தத்தில் குறைந்துகொண்டுதான் வந்தது.

அப்புறம், இந்தக் குறியீடுகள் ஒன்றுக்கொன்று பிணைந்தவை என்றாலும் ஒரே வேகத்தில் ஓடுபவை கிடையாது, இதை மறந்தால் எல்லாமே தப்பாகப் புரியும். 1958இல் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு), இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்று அதற்குச் சில ஆண்டுகளிலேயே பதில் சொல்லத் தொடங்கும், ஆழ்கடலுக்கும் பெரும் பனிவிரிப்புகளுக்கும் நூற்றாண்டுகள் ஆகும். அதனால்தான், உமிழ்வை முழுக்க நிறுத்தினால் வெப்பநிலை ஏறக்குறைய அங்கேயே நிலைத்துவிடும் என்று ஆய்வுகள் சொல்லும்போதே, கடல்மட்டம் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் ஏறும் என்றும் சொல்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எவ்வளவு உயரம் ஏறும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பது மட்டும் நாம் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.