வர்ச்சுவல் என்றால் பொய்யா? 'மெய்நிகர்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது

கணினிப் பாதுகாப்புப் பாடத்தின் முதல் செய்முறை வகுப்பு. ஒரு வர்ச்சுவல் மெஷினை (சுருக்கமாக விஎம்: நம் கணினிக்குள்ளேயே மென்பொருளால் அமைக்கும் இன்னொரு கணினி) உருவாக்கி, அதற்குள் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, பிறகு அதை வேண்டுமென்றே நாசம் செய்வதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. "உள்ளே என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள், வெளியே ஒன்றும் ஆகாது" என்றார் ஆசிரியர். நான் 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் ஒதுக்கினேன். உள்ளே போய், எல்லாக் கோப்புகளையும் அடியோடு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். வரிகள் மளமளவென்று ஓடின, கொஞ்ச நேரத்தில் விஎம் உயிரை விட்டது. சிரித்துக்கொண்டே சன்னலை மூடினேன். அப்புறம் பார்த்தால், என் லேப்டாப்பில் செமஸ்டர் முழுக்க எழுதிவைத்த பாடக்குறிப்புகளின் ஃபோல்டர் காலி.

நடந்தது இதுதான். கோப்புகளை அங்கும் இங்கும் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று முந்தைய நாள் அந்த ஃபோல்டரை விஎம்மோடு பகிர்ந்து வைத்திருந்தேன். அழிக்கும் கட்டளைக்கு அது உள்ளே இருக்கும் இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். "வர்ச்சுவல்தானே, எப்படி நிஜமாவே அழியும்?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். என் மனதிலும் அதே கேள்விதான். வர்ச்சுவல் என்றால் பொய், மாயை, விளையாட்டு என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நினைப்பு பள்ளி இயற்பியலிலிருந்து வந்தது என்று பிறகு புரிந்தது. ஒளியியல் பாடத்தில் இரண்டு வகைப் பிம்பங்களைப் படித்திருப்போம். ஒளிக்கதிர்கள் உண்மையிலேயே ஓரிடத்தில் வந்து சேர்ந்தால் மெய் பிம்பம், அதைத் திரையில் பிடிக்கலாம். சேர்வதுபோலத் தோன்றினால் மட்டும் மாய பிம்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிகிற நாம் மாய பிம்பம்தான். கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. அங்கே வர்ச்சுவலுக்கு 'மாய' என்று போட்டவர்கள் சரியாகவே போட்டிருக்கிறார்கள். அதே 'மாய'வைக் கணினிக்குத் தூக்கிவந்தால்தான் பாடக்குறிப்புகள் போகும்.

சரி, சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் 'விர்' என்றால் ஆண்மகன். அதிலிருந்து 'விர்ட்டூஸ்': ஆண்மை, வீரம், பிறகு பொதுவாகச் சிறப்பு, நற்குணம், ஒரு பொருளுக்குள் இருக்கும் ஆற்றல். ஆங்கிலத்தில் நற்பண்பைக் குறிக்கும் 'வர்ச்சூ' இதன் நேர் பிள்ளை. இடைக்கால லத்தீனில் 'விர்ட்டுவாலிஸ்' என்ற பெயரடை உருவானது. 'ஆற்றலளவில் உள்ள' என்பது அதன் பொருள். ஒரு பொருள் அதன் வடிவத்தில் இல்லை, ஆனால் அதன் விளைவு இருக்கிறது என்றால் அது விர்ட்டுவாலிஸ். ஆங்கிலத்துக்கு வந்தபின் 'பெயரளவில் இல்லாவிட்டாலும் செயலளவில் அதுவே' என்ற பொருள் நிலைத்தது. அன்றாட ஆங்கிலத்தில் இது தேய்ந்து 'கிட்டத்தட்ட' என்ற அளவுக்கு இறங்கியும் வழங்குகிறது.

இந்த வேர் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. லத்தீன் 'விர்'ரும் சமஸ்கிருத 'வீர'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. அந்த வீரம் தமிழில் புகுந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆக, வர்ச்சுவல் மெஷினில் இருக்கும் வர்ச்சுவலும் நம் வீரமும் தூரத்துப் பங்காளிகள். இன்னொரு வேடிக்கை: ஆணைக் குறிக்கும் சொல் வீரத்துக்கும் பிறகு நற்குணத்துக்கும் பெயராவது லத்தீனுக்கு மட்டும் உரியது இல்லை. குறளில் 'பேராண்மை என்ப தறுகண்' என்னும்போது ஆண்மை வீரம். 'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்னும்போது அதே சொல் ஒழுக்கம். விர், விர்ட்டூஸ் நடந்த அதே தடத்தில் ஆண், பேராண்மை நடந்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்க்காமலே. பெண்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

கணினிக்குள் இந்த எண்ணம் முதலில் நுழைந்தது நினைவகம் வழியாக. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் வேகமான காந்த வளைய நினைவகம் 16 ஆயிரம் சொற்களுக்குத்தான் இடம் கொடுத்தது (இங்கே 'சொல்' என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு). அதோடு 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் மெதுவான காந்த உருளை ஒன்றும் இருந்தது. நிரல் எழுதுகிறவர் எது எங்கே இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாக அவருக்குத் தெரியும். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவைப்படும் பக்கத்தை மட்டும் உருளையிலிருந்து இயந்திரமே மேலே கொண்டுவந்து வைத்துவிடும். இந்த ஏற்பாட்டைத்தான் இன்று வர்ச்சுவல் மெமரி என்கிறோம், தமிழில் மெய்நிகர் நினைவகம். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நினைவகத்தில் எழுதினால் எழுதியது இருக்கும், கேட்டால் திரும்ப வரும். இருக்கும் இடம்தான் வேறு.

நினைவகத்தில் செய்ததை முழு இயந்திரத்துக்கே செய்தால் என்ன? 1960-களின் நடுவில், மாசசூசெட்ஸில் இருந்த ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். சிபி-40 என்ற அந்த அமைப்பு ஒரே இயந்திரத்தை 14 இயந்திரங்கள் வரை காட்டியது. ஒவ்வொரு பயனருக்கும் முழுக் கணினியும் தன்னுடையது போலவே நடந்துகொண்டது. அந்த வழியில் வளர்ந்து 1972-இல் விஎம்/370 வெளிவந்தது. நாம் லேப்டாப்பில் சர்வசாதாரணமாக ஓட்டும் விஎம்களுக்கு அது மூத்த தலைமுறை.

1974-இல் ஜெரால்ட் போப்பெக்கும் ராபர்ட் கோல்டுபெர்க்கும், ஒன்றை வர்ச்சுவல் மெஷின் என்று ஒப்புக்கொள்ள என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் உண்மை இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இங்கும் நடந்துகொள்ள வேண்டும். கட்டளைகளில் பெரும்பாலானவை இடையில் யாரும் புகாமல் நேரடியாக வன்பொருளிலேயே ஓட வேண்டும். வளங்கள் எல்லாவற்றின் பிடியும் மேற்பார்வை செய்யும் நிரலிடமே இருக்க வேண்டும். இதில் முதல் நிபந்தனைக்கு ஒரே சொல்லில் தமிழ்ப்பெயர் கேட்டால் 'நிகர்மை' என்று சொல்லிவிடலாம்.

அங்கேதான் 'மெய்நிகர்' எனக்குப் பிடிபட்டது. மெய் என்றால் உண்மை. உடம்பும் மெய்தான், மெய்க்காப்பாளர் காப்பது உடம்பை. நிகர் என்றால் சமம், ஒப்பு. நன்னூல் உவம உருபுகளை அடுக்கும்போது 'போல, புரைய' என்று தொடங்கிப் போகும் வரிசையில் 'நிகர'வும் இருக்கிறது. ஆனால் 'போல'வும் 'நிகர'வும் ஒரே எடை இல்லை என்பது என் காதுக்குத் தெரிகிறது. 'அவன் புலி போல' என்றால் ஒரு சாயல். 'அவனுக்கு நிகர் இல்லை' என்றால் தராசில் வைத்துப் பார்த்தாயிற்று. மெய்போலி என்று ஒரு சொல்லை வைத்திருந்தால் போலி என்ற நாற்றம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெய்நிகர் அப்படி எதையும் ஒட்டவிடவில்லை.

இந்த நிகருக்கு இன்னொரு நல்ல சாட்சி 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்'. தனிச் சட்டத்தால் பல்கலைக்கழகமாக நிறுவப்படாத, ஆனால் அந்தத் தகுதி வழங்கப்பட்ட நிறுவனம். அதைப் பொய்ப் பல்கலைக்கழகம் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே வாங்கும் பட்டம் பட்டம்தான். வடிவத்தில் வேறு, விளைவில் அதுவே: பழைய லத்தீன்காரரிடம் காட்டினால் 'விர்ட்டுவாலிஸ்' என்று தலையாட்டுவார்.

எழுத்திலக்கணம் பார்ப்பவர்கள், தனிக்குறிலை அடுத்த யகர மெய்க்குப் பின் மெல்லினம் வந்தால் மிகலாமே, மெய்ஞ்ஞானம் போல இதையும் மெய்ந்நிகர் என்று எழுத வேண்டாமா என்று கேட்கக்கூடும். எழுதினால் தப்பில்லை. ஆனால் வழக்கில் மெய்நிகர்தான் ஊன்றிவிட்டது. அதை இப்போது பிடுங்கி நடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

எல்லா வர்ச்சுவலுக்கும் மெய்நிகரை ஒட்டிவிடலாமா என்றால், கூடாது. வர்ச்சுவல் மீட்டிங்கை மெய்நிகர்க் கூட்டம் என்று எழுதுகிறார்கள். பேசுகிறவர்களும் மெய், பேச்சும் மெய், நேரம் வீணாவதும் மெய். கூட்டம் நடக்கும் வழிதான் இணையம். இணையவழிக் கூட்டம் என்றால் போதும். 2001-இல் நிறுவப்பட்ட தமிழ் வர்ச்சுவல் யூனிவர்சிட்டிக்குத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்றே பெயர் வைத்தார்கள், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். சொல்லுக்குச் சொல் பார்க்காமல் பொருளைப் பார்த்து வைத்த பெயர்.

வர்ச்சுவல் ரியாலிட்டியை 'மெய்நிகர் உண்மை' என்று எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மெய்யும் உண்மைதான், உண்மையும் உண்மைதான்; உண்மைக்கு நிகரான உண்மை என்றாகி நாக்கு சுற்றுகிறது. மெய்நிகர் உலகம் என்றால் தெளிவாக இருக்கிறது. விபிஎன்னுக்கு (வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்) 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' என்று போடுவதில் மெய்நிகர் சரி, தனியார்தான் உதைக்கிறது. தனியார் என்றால் தனியார் பேருந்து, தனியார் பள்ளி. அரசு இல்லை என்று பொருள். இங்கே சொல்ல வருவதோ பிறர் எட்டிப்பார்க்க முடியாத வலையமைப்பு என்பதை. 'தனிப்பட்ட' என்றிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

பாதுகாப்புப் பாடத்தில் ஆழமாகப் போகப் போக, நிகர் என்பதன் பாரம் கூடிக்கொண்டே வந்தது. 2015-இல் 'வெனம்' என்று பெயரிட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. விஎம்களை ஓட்டும் கியூஇஎம்யூ என்ற மென்பொருளில், ஃபிளாப்பி டிரைவை நிகர்க்கும் பகுதியில் அது இருந்தது. ஃபிளாப்பி வட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மென்பொருளுக்குள் அதற்கான நிரல் 2004-இலிருந்தே உட்கார்ந்திருந்தது. உள்ளே இருக்கும் விஎம்மிலிருந்து அதன் வழியாக, தன்னைத் தாங்கும் கணினியையே ஒருவர் தாக்க வாய்ப்பிருந்தது. இல்லாத டிரைவில் இருந்த ஓட்டை, இருக்கிற கணினிக்கு ஆபத்து. 'மாய' என்று நினைத்திருந்தால் இதை எப்படி விளக்குவது?

என் செய்முறை ஏட்டில் வர்ச்சுவல் மெஷினுக்கு 'மெய்நிகர் பொறி' என்று எழுதினேன். ஆசிரியர் பொறி என்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, "இயந்திரமா, எலிப்பொறியா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பொறிக்கு இயந்திரம், கண்ணி என இரண்டு பொருளும் உண்டு. ஐம்பொறி என்னும்போது புலன் உறுப்புகள்; அந்த ஐந்தில் முதலாவது மெய். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அதை எழுதியபோது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே அந்தக் கிண்டல் வேலையானது. தீநிரல் (மால்வேர்) ஒன்றின் மாதிரியை விஎம்முக்குள் ஓடவிட்டு, அது என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும். பகிர்ந்த ஃபோல்டர் எதுவும் இல்லை, வலையமைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. அதை மூன்று முறை சரிபார்த்தேன். மாதிரியை இயக்கினேன். ஒன்றுமே நடக்கவில்லை. பழுதான கோப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆசிரியர் வலையமைப்பு அட்டையின் முகவரியைப் பார்க்கச் சொன்னார். 08:00:27 என்று தொடங்கியது. நான் விஎம் உருவாக்கிய விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் தன் விஎம்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முன்னொட்டு அது. தீநிரல் அதைப் படித்துவிட்டு, தான் கண்ணிக்குள் இருப்பது தெரிந்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டது.

முகவரியை வேறு எண்ணுக்கு மாற்றி, விஎம்மை மறுபடி தொடங்கி, மாதிரியைத் திரும்ப இயக்கினேன். சில நொடிகளில் உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. ஏட்டில் வட்டம் போட்டிருந்த 'பொறி'யை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.