விமானத்தில் அடிபட்டால் இரண்டே வருடம்தான்

விபத்து வழக்கு எப்படிப் போடுவது என்று வடசென்னையில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. கன்டெய்னர் லாரி இடித்துவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கு, ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடு, எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) தாக்கல் செய் என்று தெருவிலேயே ஒருவர் வரிசையாகச் சொல்லிவிடுவார். அதே வீட்டில் ஒருவர் விமானத்தில் அடிபட்டு வந்தால் மட்டும் யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை. ‘ஏதோ நேரம் சரியில்லை’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் நம் பகுதியில் விமானம் ஏறாத தெரு குறைவு. கப்பலில் சேர வெளிநாடு பறக்கும் ராயபுரத்து மாலுமிகள், வளைகுடாவில் வெல்டராக இருக்கும் திருவொற்றியூர் பையன்கள், சிங்கப்பூர் போய்வரும் மண்ணடி வியாபாரிகள், உம்ராவுக்குப் போகும் பெரியவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். பாரிமுனையில் வழக்கு நடத்தும் எனக்கு இவர்களில் பலரும் தாமதமாகவே அறிமுகமாகிறார்கள். அந்தத் தாமதம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

விமான விபத்து என்றதும் 2020 கோழிக்கோடும் 2025 அகமதாபாதும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் நஷ்டஈடு கேட்க விமானம் விழ வேண்டும் என்பதில்லை. கொதிக்கும் டீ தொடையில் கொட்டியது, தள்ளுவண்டி முழங்காலில் மோதியது, மேலே வைத்த பெட்டி தோளில் விழுந்தது, நடுவானில் விமானம் தூக்கிப்போட்டதில் தலை கூரையில் இடித்தது, இறங்கும் படிக்கட்டில் வழுக்கியது, இவையெல்லாம் கணக்கில் வரும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் காற்றுக் குலுக்கலில் சிக்கி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். லேசாக அடிபட்டவர்களுக்கே 10,000 அமெரிக்க டாலர் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால் வெளியிலிருந்து ஏதாவது நடந்திருக்க வேண்டும். விமானம் வழக்கம்போல் பறக்கும்போது உடம்புக்குள்ளிருந்தே வந்த மாரடைப்புக்குப் பொதுவாக இது பொருந்தாது.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை என்ற பன்னாட்டு விமானப் பயண ஒப்பந்தம்தான் சட்டம். இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. லாரி வழக்கில் டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். இங்கே ஒரு தொகை வரை அந்தச் சுமையே நமக்கு இல்லை. விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ விபத்து நடந்தது, அதனால் உடலில் காயம் என்று காட்டினால் போதும். அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் வரும். அதற்கு மேல் கேட்டால், தங்கள் பக்கம் தவறில்லை என்று காட்டித் தப்பிக்க விமான நிறுவனத்துக்கு வழி உண்டு. பெல்ட் போடச் சொல்லியும் போடாமல் இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். உள்நாட்டு விமானத்துக்கு வரம்பு வேறு. 2014 அறிவிப்பின்படி அது 20 லட்சம் ரூபாய்.

இந்தத் தொகையைக் கேட்டதும் பலர் முகம் மலர்கிறது. அது அப்படியே கைக்கு வரும் காசோலை இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, வரம்புத் தொகை முழுவதும் எல்லோருக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதி ஆம் என்றார்; இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உண்மையில் எவ்வளவு இழப்பு என்று காட்ட வேண்டும். அதே விபத்தில் இறந்த, துபாயில் உயர் பொறுப்பில் இருந்த ஒருவரின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2020-ல் சுமார் 7.64 கோடி வழங்கியது. கணக்கு அவருடைய சம்பளத்திலிருந்துதான் தொடங்கியது. ஆகவே வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஒப்பந்த நகலையும் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஊரில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போங்கள். டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டியிருந்தாலும் காயம் பட்டவருடைய உரிமை அவருடையதே.

இனி நான் அதிகம் வருத்தப்படும் இடம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். விமானம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மற்ற வழக்குகளில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட்டு வாங்கிவிடுவோம், அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. இரண்டு வருடம் முடிந்தால் உரிமையே அழிந்துவிடுகிறது. 2022-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சம்பந்தப்பட்ட ஒரு சரக்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நமது காலவரையறைச் சட்டத்தைக் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது.

தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் வந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பும்போது மேலிருந்து பெட்டி விழுந்து வலது தோள் போய்விட்டது. வெல்டிங் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. விமான நிறுவனம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனையையும் பிரிண்ட் எடுத்து நம்பிக்கையோடு கொண்டுவந்தார். இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பதிலிலும் நாள் போய்க்கொண்டிருந்தது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பதில் வருகிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். ஒரு வருடம் முடிவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

விமானத்தில் அடிபட்டால் போலீஸ் வந்து எஃப்.ஐ.ஆர். எழுதுவது அபூர்வம். பதிவை நாம்தான் உண்டாக்க வேண்டும். அடிபட்டவுடன் பணிப்பெண்ணிடம் சொல்லி எழுத வையுங்கள். இறங்கியதும் கவுன்ட்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பெயர், போன் நம்பர் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போய், எந்த விமானத்தில் எப்படி அடிபட்டது என்பதை டாக்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால் வீட்டில் விழுந்ததாக எதிர்த்தரப்பு வாதாடும். கொடுங்கையூரில் ஒரு அம்மா விமானப் படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து வந்தார். அவருடைய மகள் அன்று இரவே கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கியிருந்தாள். பேச்சுவார்த்தையில் அந்த ஒரு தாள்தான் பெரிதாக நின்றது.

கையெழுத்து விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. பெரிய விபத்துகளில் நிறுவனங்கள் முன்தொகை கொடுக்கும். அதை வாங்கலாம், கடைசித் தொகையில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எலும்பு கூடி, ஊனம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்னால் அந்த வரிக்குக் கீழே பெயர் எழுதாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ் (அரசின் அனுமதி) வாங்கிப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். அது தனிக் கணக்கு. அதை வாங்கினாலும் விமான நிறுவனத்திடம் கேட்கலாம்.

வழக்குக்கு டெல்லி, துபாய் என்று அலைய வேண்டியதில்லை. உங்கள் நிரந்தர வீடு இங்கே இருந்து, அந்த நிறுவனம் இந்தியாவுக்குப் பயணிகளை ஏற்றி இறக்கினால் இந்தியாவிலேயே வழக்குப் போடலாம். சேவைக் குறைபாடு என்று சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த மட்டத்து ஆணையம் என்பது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பொறுத்தது, கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல. டிக்கெட் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. போகும்போது டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.